முகாமில் குரல் கொடுத்தவள்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. திருமங்கலம் ரோட்டிலிருந்து பிரிந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போகிற ஒத்தைத் தார் ரோடு... இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. அந்த ரோட்டில் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கதவுப் பக்கம் யாரும் வேண்டாம். நம்ம ஆனிமேரியின் அண்ணி ஹெப்சிபாவுக்கு நடந்தது இது. உனக்கு யார் சொன்னது என்று மட்டும் நடுவில் கேட்காதீர்கள்.

ஹெப்சிபா பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தாறு. வீடு திருநகர். புருஷன் மெர்வின், ஆனிமேரியின் அண்ணன். வருசத்துக்கு ஒரு தடவை சர்ச்சில் எட்டுப் பேர் சேர்ந்து 'தோழமைப் பயணம்' என்று பேனர் அடித்துக்கொண்டு இலங்கை அகதிகள் முகாமுக்குப் போவார்கள். சண்டைக்குத் தப்பிப் படகேறி வந்த சனங்கள் அங்கே இருக்கிறார்கள். வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது கைக்குழந்தையோடு நிற்கிறாள், இன்னமும் அவளுக்குப் பெயர் அகதிதான். இவர்கள் போய் ஒரு ஜெபம் செய்வார்கள், கேக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். "நாங்க என்னைக்கும் உங்களோட இருக்கோம்" என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். அதில் என்ன தப்பு என்கிறீர்களா? ஒரு தப்பும் இல்லை. ஹெப்சிபா மட்டும் அதை உண்மையாகவே நினைத்துச் சொன்னாள், அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த முகாமில் மாதம் இரண்டு தடவை ஆள் கணக்கெடுப்பு உண்டு. ஆபீசர் பதிவேட்டைப் பிரித்துப் பெயரைக் கூப்பிடுவார். ஆள் முன்னால் நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பெயர் மேல் ஒரு கோடு. கோடு விழுந்தால் அந்த ஆள் முகாமில் இல்லை. முகாமிலும் இல்லாத அகதி வேறு எங்கே இருக்க முடியும்?

அன்றைக்குப் பார்த்துக் கணக்கெடுப்பு. ஆபீசர் புதுசு, வந்ததும் தாமதம். பயணக்காரர்கள் மைக்கில் பேசி முடித்த கையோடு கரண்டும் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். சனம் வரிசையாக இருட்டில் நின்றது. ஓரமாக நின்ற ஹெப்சிபாவின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமான கை. திரும்பிப் பார்த்தால் ஒரு வயசான அம்மா. தவமலர் என்று பெயர்.

"பிள்ளை, என்ர மகள் துணிக்கடையில வேலை. பஸ் பிந்திப்போச்சு. பேர் கூப்பிட்டா ஒருக்கா குரல் குடுங்கோ."

"நானா? தப்பாயிரும்மா. அவர்ட்ட சொல்லிப் பாருங்களேன்."

"எங்களோட நிக்கிறம் எண்டு இப்பதானே சொன்னீங்கள்."

ஹெப்சிபாவுக்குச் சுருக்கென்றது. "துஷ்யந்தி" என்று ஆபீசர் கூப்பிட்டார். பதில் இல்லை. "துஷ்யந்தி..." அந்த ஈரக் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஹெப்சிபா முன்னால் போய் நின்று, "இருக்கேன்" என்றாள். ஆபீசர் தலை நிமிராமல் டிக் அடித்தார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. உப்புத் தண்ணீர்... மண்ணெண்ணெய்... நாள்பட நனைந்த துணி. நம்ம ஊரிலிருந்து கடல் எம்புட்டு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அவள் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. பக்கத்தில் யாரும் இல்லை.

வேன் ஏறும்போது முகாம் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "மிஸ், நீங்களா குரல் குடுத்தது? துஷ்யந்தி அக்கா செத்துப் பதினெட்டு வருசமாச்சு. வரும்போதே படகு கவிழ்ந்து கடல்ல போயிட்டா. தாய்க்காரி கரையில ரெண்டு பேர் எண்டு எழுதிப்போட்டா. இவ்வளவு நாளும் குரலை மாத்தி அவவேதான் பதில் சொல்லுவா. பழைய ஆபீசர் தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டுடுவார்."

ஹெப்சிபா அவசரமாக வேனில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், அவளுக்குப் பக்கத்து சீட்டு ஈரமாக இருக்கிறதென்று வேன் டிரைவர் போன் செய்து திட்டினான்.

நாலு நாள் சும்மா போனது. ஐந்தாம் நாள் மெர்வின் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "ஹெப்சி, காபி" என்றான். ஹெப்சிபா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கீழே சமையலறையிலிருந்து பதில் போனது... "இந்தா வாரேன்." அவள் குரல்தான். இறங்கி ஓடினாள். சமையலறையில் யாரும் இல்லை. மெர்வின் கையில் டம்ளர் இருந்தது, அவன் குடித்துக்கொண்டிருந்தான். "என்னடி, இப்பத்தான குடுத்துட்டுப் போன" என்றான்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷின். ஹெப்சிபா வைத்தாள், பீப் என்றது, சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் எட்டு நாற்பதுக்கே வச்சிட்டீங்களே டீச்சர்" என்றார். ஹெப்சிபா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். வகுப்பில் பிள்ளைகள் பாதிக் கணக்கை எழுதி முடித்திருந்தார்கள். போர்டில் இருந்தது அவள் கையெழுத்து. ஓரத்தில் தண்ணீர் சொட்டி வழிந்திருந்தது.

இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அவள் இடத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அவள் போய்ச் சேரும் முன்னால் அவள் அங்கே இருந்துவிட்டுப் போயிருப்பாள். யாரிடம் சொல்ல? மெர்வினிடம் சொன்னாள். "ரெஸ்ட் எடு, கொஞ்ச நாளா நீ நல்லாத்தான இருந்த" என்றான். நல்லா இருந்தது யாரென்று நினைத்து அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதாள்.

அடுத்த கணக்கெடுப்பு அன்றைக்குத் தனியாகப் போனாள். டவுன் பஸ், அப்புறம் நாலு கிலோமீட்டர் நடை. கேக் இல்லை, பேனர் இல்லை. கேட்டில் ஒரு வாட்ச்மேன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார், அவர் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் கணக்கு ரொம்ப எளிது. தான் பதில் சொன்னதால் வந்தது, தான் பதில் சொல்லாமல் இருந்தால் போய்விடும். அவளுக்கு வேண்டியது அவள் வீடு, அவள் புருஷன், அவள் வகுப்பு. அவ்வளவுதான்.

தவமலர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இந்தமுறையும் குடுப்பீங்கள்தானே பிள்ளை?"

"இல்லம்மா. மன்னிச்சிருங்க. எனக்கு என் வீடு வேணும்."

அந்த அம்மா கோபப்படவில்லை. "பேர் இருந்தாத்தான் அவளுக்கு நிக்க இங்க ஒரு இடம்," என்றாள் மெதுவாக. "அதையும் வெட்டிப்போட்டா, கிடைச்ச இடத்திலதான் போய் நிப்பாள்."

ஹெப்சிபாவுக்கு அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. பயத்தில் இருப்பவளுக்கு எது ஏறும்?

"துஷ்யந்தி."

தவமலர் வாயைத் திறந்தாள். புது ஆபீசர் செல்போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தார். "உன் பேர் கூப்பிட்டாச்சும்மா, சும்மா இரு."

"துஷ்யந்தி..."

ஹெப்சிபா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கிழவி அவளையே பார்த்தாள். கெஞ்சவில்லை, கும்பிடவில்லை. வெறும் பார்வை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெற்றவளுக்குப் பிள்ளை இருப்பாள். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். காத்திருந்தார். பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பேனா பேப்பரைக் கீறின சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது. கடலில் ஒரு தடவை போனவள் இப்போது காகிதத்திலும் போனாள். தவமலர் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அவளைத் தூக்க யாரும் வரவில்லை.

இத்தனை நாளும் அவளை விடாமல் சுற்றிய அந்த உப்பு வாடை சட்டென்று நின்றது. காற்று சுத்தமாக இருந்தது. ஹெப்சிபாவுக்கு உடம்பே லேசானது. குற்ற உணர்ச்சியை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்தாள்.

"மெர்வின், கிளம்பிட்டேன். ஒரு மணி நேரத்துல வாரேன்."

"ஹலோ... யாருங்க? புது நம்பரா இருக்கு."

"நான்தாங்க. ஹெப்சி."

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "யாரும்மா நீ? வெளையாடுறியா? ஹெப்சி இங்க எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கா."

பின்னால் ஒரு குரல். நிதானமான குரல், அவளுடைய குரல். "ஆரப்பா போன்ல?"

"ராங் நம்பர்" என்றான் மெர்வின். போன் கட்டானது.

மறுபடி அடித்தாள். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. கேட்டை நோக்கி ஓடினாள். உள்ளே வந்தவர்கள் வெளியே போவதென்றால் பெயர் சொல்ல வேண்டும், அது முகாம் வழக்கம். வாட்ச்மேன் சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"யாரு? பேரச் சொல்லு."

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். ஹெப்சிபா திருநகரில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். துஷ்யந்திக்குக் கோடு போட்டாயிற்று. சொல்ல ஒன்றும் வரவில்லை... காற்றுதான் வந்தது.

வாட்ச்மேன் டார்ச்சை அவள் முகத்துக்கு நேராக அடித்தார். ஒரு நிமிசம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு உள்ளே இருந்த ஆளிடம், "ஒருத்தரையும் காணோம்ப்பா" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திப் பூட்டினார்.