கரை தாழ்ந்த இடம்

வீட்டில் ஃபியூஸ் போனால் யாரும் அழுவதில்லை. புதுக் கம்பி சுற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து டிவி பார்க்கிறோம். அது போனதால்தான் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் பிழைத்தன என்பது எல்லோருக்கும் தெரியும். நான் செய்ததும் அதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் கார்த்திகேசன். ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது என் தொழில். எவ்வளவு மழைக்கு எங்கே எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணித மாதிரி சொல்லும்; அதை வைத்துக் கரையை வடிவமைப்பேன். கடலூரில் ஆற்றின் இரு கரைகளையும் உயர்த்தும் வேலை என்னிடம் வந்தது. தென்கரையில் நகரம்: ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடங்கள். வடகரையில் பள்ளத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு.

மாதிரியை எப்படி ஓட்டினாலும் ஒரே பதில்தான் வந்தது. பெருவெள்ளத்தை இரண்டு கரையும் தாங்காது. ஒன்று முதலில் உடைந்தால் மற்றது நிற்கும். எது உடைவது என்பதை ஆற்றின் விருப்பத்துக்கு விட எனக்கு மனம் வரவில்லை. வடகரையில் ஓரிடத்தில் மட்டும் ஒரு முழம் தாழ்த்தி, களிமண்ணுக்குப் பதில் உள்ளே மணலைப் போடும்படி வரைந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே மணல் மூட்டை அடுக்கிவிடுவார்கள், கணக்குக் கெட்டுவிடும்.

வேலையைக் கவனித்த மேஸ்திரி லூர்துசாமிக்கு அந்தக் குடியிருப்பில்தான் வீடு.

“இந்த எடத்துல மட்டும் கொறச்சலா இருக்கே சார்?” என்று ஒருநாள் கேட்டார்.

“மாடல்ல அப்படித்தான் வருது. இங்க தண்ணி ஏறாது” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார்.”

கார்த்திகை மழையில் ஆறு பொங்கியபோது போன் செய்தார்.

“தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு சார். மூட்ட அடுக்கட்டுமா? இல்ல, புள்ளைங்களயாவது மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?”

“ரெண்டும் வேணாம். எல்லாரையும் வீட்லயே இருக்கச் சொல்லுங்க.”

ஆட்களையாவது கிளம்பச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கிளம்புகிறவன் காரணம் கேட்பான். காரணம் தெரிந்தால் தென்கரையை வெட்டிவிட மண்வெட்டியோடு போவான். உங்கள் ஸ்டேஷனும் தென்கரையில்தான் இருக்கிறது.

மதியம் கரை உடைந்தது, நான் வரைந்த அதே இடத்தில். லூர்துசாமியும் அவர் மனைவி தைலம்மாளும் வெள்ளத்தோடு போனார்கள். குடியிருப்பில் பாதிப் பேர் போனார்கள். தென்கரையில் ஒரு தெருவில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஒரு தாயைக் கூப்பிட்டு, நான் குற்றவாளியா என்று கேட்டுப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. திரும்ப அந்த வேலையைக் கொடுத்தால் திரும்பவும் அங்கேதான் மணலைப் போடுவேன். மாதிரிக்கு முகம் தெரியாது, சொந்தபந்தம் தெரியாது. அதனால்தான் மனிதர்களை விட அதை நம்பினேன்.

உடைவதற்கு முந்தின நாள் நானே காரெடுத்துப் போய், அந்தக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த என் தங்கை புஷ்பவள்ளியையும் பிள்ளைகளையும் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேனே, அதைக் கேட்கிறீர்கள். “பக்கத்து வூட்டுத் தைலம்மா அக்காவையும் ஏத்திக்கலாம்ண்ணே, எடம் இருக்கே” என்று அவள் சொன்னது உண்மைதான். வேண்டாம் என்றதும் நான்தான்.

அது குடும்ப விஷயம், ஐயா. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.