தம்பிக்கு ஆகாத மாத்திரை

எனக்குக் குணம் தந்த மாத்திரையை நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது, சார். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், டாக்டர் எனக்கு எழுதிய மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் என்னவென்றே கேட்பேன். விருத்தாசலத்தில் இதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை. புண்ணியம் என்பார்கள்.

என் பெயர் பாவாடை, தம்பி பெயர் காத்தவராயன். இரண்டும் சாமி பெயர். செராமிக் தொழிற்பேட்டையில் இரண்டு பேரும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். பீங்கான் பொம்மை, அகல் விளக்கு. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சாப்பாடும் தம்பி வீட்டில்தான். அவனுக்கு வந்ததெல்லாம் என் வழியாக வந்தது. என் சட்டை, என் செருப்பு, என் சைக்கிள். நான் பெண் பார்த்துவிட்டு, பல் தூக்கலாக இருக்கிறது, வேண்டாம் என்று சொன்ன ஆண்டாளைக்கூட அவன்தான் கட்டினான். நன்றாகத்தான் வாழ்ந்தான், குறை சொல்லக் கூடாது.

எனக்கு முகத்து நரம்பில் ஒரு வலி. பல் தேய்த்தால்கூடக் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். அதற்கு வெள்ளையாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வருஷக்கணக்காகத் தின்கிறேன், குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். போன வருஷம் தம்பிக்கு வலிப்பு வந்தது. சூளைப் பக்கத்திலேயே விழுந்து வாயில் நுரை தள்ளினான். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். வலிப்புக்கும் அதே மாத்திரையைக் கொடுப்பதுண்டாம். எனக்குச் சந்தோஷம். வீட்டில்தான் டப்பா நிறைய இருக்கிறதே.

அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண். தம்பியின் ரத்தத்தை எடுத்து எங்கேயோ அனுப்பி, அதில் ஜீனைப் பார்த்தாளாம்.

"உங்க தம்பிக்கு மட்டும் அந்த மாத்திரை ஆவாதுங்க. குடுத்தா காய்ச்சல் வரும், கண்ணு செவக்கும், வாயெல்லாம் புண்ணாவும், அப்புறம் தீக்காயம் பட்ட மாதிரி தோலு உரிஞ்சிடும். உசுருக்கே ஆபத்து. வேற மாத்திரை எழுதியிருக்கேன்."

"ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா நாங்க. நான் தின்னுக்கினுதானே இருக்கிறேன்?"

"ஒரே வயிறுதாங்க. அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி வருது. எந்தப் பாதி யாருக்குன்றது சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. உங்களுக்கு வுழாத சீட்டு அவருக்கு வுழுந்திருக்குது."

குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். எனக்கும் புரிந்தது. வாக்குமூலத்தில் புரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஊருக்கு வந்த பிறகு தம்பியின் நடையே மாறிவிட்டது. அந்த மாத்திரை கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் கட்சி உறுப்பினர் அட்டை போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, "என் ஒடம்புக்குன்னே தனியா பாத்து எழுதின மருந்துப்பா" என்பான். கடைக்கார ராஜமாணிக்கம் என்னைப் பார்த்து, "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே பாவாட. உனக்கு இந்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கலையா?" என்றான். எனக்கு எரிந்தது, சார். தம்பியின் ஆயுசில் என் கை படாமல் அவனுக்குக் கிடைத்த முதல் பொருள் அதுதான். பொறாமை என்று எழுதாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் பேதம் வரக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மெடிக்கலில் மாத்திரை வாங்குவது எப்போதும் நான்தான். அவனுடையதும் வெள்ளை, என்னுடையதும் வெள்ளை. பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுவைத்தால் ஆண்டாள் எடுத்துக் கொடுப்பாள். அவனுடையதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு என்னுடையதைப் போட்டுவைத்தேன். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள்; நான் ஜீனுக்கும் அஞ்சவில்லை.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. வலிப்பும் வரவில்லை. டாக்டரம்மாவை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வசனம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அப்புறம் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. உதடு வீங்கியது. நெஞ்செல்லாம் சிவப்புச் சிவப்பாக எழும்பியது. அவள் சொன்ன வரிசை தப்பவே இல்லை. படித்தவள்தான்.

"மாமா, இன்னாமோ ஆவுது இவருக்கு. கார வரச்சொல்லுங்க, பாண்டிக்கு இட்டுக்கினு பூடலாம்" என்றாள் ஆண்டாள்.

"அம்மை போட்டிருக்குதும்மா. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சா ஆத்தா சும்மா வுடுவாளா?" என்றேன்.

நானே போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினேன். அதைப் பார்த்த பின் தெருவில் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மாரியம்மன் எத்தனையோ பழியைச் சுமந்தவள், இதையும் சுமந்துகொண்டாள்.

ஒரு விஷயத்தில்தான் ஆத்தா எனக்கு எதிராக வேலை பார்த்தாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாதல்லவா? ஆண்டாள் மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அன்றைக்கே மாத்திரை நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னாளாம். சாமி அவனைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறது.

நான் விடவில்லை. ஆண்டாளுக்குத் தெரியாமல் டப்பாவை இறக்கினேன். வலிப்பு வந்துவிடுமே. அவனால் விழுங்க முடியவில்லை, வாயெல்லாம் வெந்துபோயிருந்தது. மாத்திரையைப் பொடித்து இளநீரில் கலந்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினேன். "எரியுதுண்ணே" என்றான். என் கையோடு அவன் கழுத்துத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன்.

பெண்ணாடத்திலிருந்து ஆண்டாளின் அண்ணன் வந்தான். வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தம்பியை வாழையிலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில்தான் உயிர் போனது. ஆண்டாள் இப்போது கொளஞ்சியப்பர் சாமியிடம் நியாயம் கேட்டுப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறாள். அவருக்கு ஏகப்பட்ட வழக்கு, அதனால் போலீஸ்காரர்கள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் ஆண்டாளும் அவள் அண்ணனும் அவசரப்பட்டுவிட்டார்கள், சார். என் தம்பி அவன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனுக்கும் அது ஒத்துக்கொண்டிருக்கும்.