இன்னும் வேணுமா

இல்லண்ணே, டீயெல்லாம் வேணாம். நீங்க எந்திரிக்காதீங்க, அந்த மூக்குக்கண்ணாடிய முடிங்க. யாரோ சாயங்காலம் வாங்க வர்றாங்கன்னீங்களே. நான் பாட்டுக்குச் சொல்றேன்.

ஆமா, அந்தக் கடுதாசி எங்க ஆபீஸ்லேர்ந்து வந்ததுதான். கம்ப்யூட்டர் கோளாறால ஆஸ்பத்திரில கட்டில் ஒதுக்க முடியலன்னு போட்டிருக்கும். எழுதினது நான்தான். ரத்த வங்கிக் கம்ப்யூட்டர் அன்னைக்கு நின்னு போனது நெஜம். ஆனா அண்ணி போனதுக்கு அது காரணமில்ல.

எப்படிச் சொல்றது. நான் எழுதின புரோகிராம் ஒரு எடத்துல உக்காந்து வேலை செய்யாது. கெளம்பிப் போகும். ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள்ள போயி கட்டில் இருக்கான்னு பாக்கும், இருந்தா துண்டப் போட்டு எடம் பிடிச்ச மாதிரி பிடிச்சு வச்சுக்கும். அங்கேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போயி ஆபரேஷன் டாக்டரப் பிடிக்கும். அப்புறம் ரத்தம். மூணும் கெடச்சாத்தான் முடிவாகும். ஒண்ணு இல்லேன்னாலும் பிடிச்ச எல்லாத்தையும் விட்டுடணும். பாதி வேலை யாருக்கும் ஒதவாது பாருங்க.

சிக்கலே நடுவழியில மாட்டிக்கிட்டா என்ன பண்றதுங்கறதுதான். ஒரு நர்ஸம்மா மீட்டிங்ல மொகத்துக்கு நேரா கேட்டாங்க, ஒங்க புரோகிராம் எங்கயோ போயி நின்னுக்கும், நான் காலிக் கட்டிலப் பாத்துக்கிட்டு நிக்கணுமான்னு. அதுக்காகத்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நோயாளி வீட்டாளுங்களுக்குப் போன்ல கேள்வி அனுப்பற மாதிரி வச்சேன். இன்னும் வேணுமான்னு. பதில் வரலேன்னா கட்டில விட்டுடும். இத ஒழுங்கா வேலை செய்ய வைக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. வேணுமா வேணாமான்னு கேக்க நாலு மாசமாடின்னு அப்பா சிரிப்பாரு.

அன்னைக்கா? நல்லா வேலை செஞ்சுது. ரத்த வங்கியில மாட்டிக்கிட்டதும் நின்னுச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுச்சு. மூணு இருவதுக்குக் கேட்டுச்சு, மூணரைக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் வேணும்னு பதில் வந்துச்சு. ஒங்க வண்டி வாசல்ல வந்து நின்னது மூணு முப்பத்தஞ்சுக்கு. கட்டில் காலியாத்தான் கெடந்துச்சு. நீங்க அத உள்ள போயி கண்ணால பாத்தீங்கன்னு சொன்னாங்க. விரிப்புகூட மாத்தி வச்சிருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்காரங்க மேல கோவப்படாதீங்க, இன்னொருத்தருக்குப் பிடிச்சு வச்ச கட்டில அவங்களால தர முடியாது. வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க, வழியிலயே...

சரி, அத நான் சொல்லல.

யாருக்குப் பிடிச்ச கட்டில்னா, எங்கப்பாவுக்குண்ணே.

மூணு மணிக்கு ரத்த வாந்தி எடுத்தாரு. லீவு போட்டுட்டு நான் வீட்டுலதான் இருந்தேன். பத்து நிமிஷத்துல எல்லாம் பதிஞ்சுட்டேன், எனக்குத் தெரியாத வேலையா. ஆம்புலன்ஸ் வந்தப்ப மணி நாலு. மூணு இருவத்தஞ்சுக்கே மூச்சு நின்னுடுச்சு. நாடி பாத்தேன். எதுத்த வீட்டு அக்காவும் பாத்தாங்க, பாத்துட்டு அவர் கண்ண மூடி விட்டாங்க. அதுக்கப்புறம்தான் மூணரைக்குப் போன் கேட்டுச்சு. வேணும்னு அழுத்தினேன். மூணு நாப்பதுக்கும் அழுத்தினேன்.

இந்தாங்க, இந்தத் தாள்ல மணியோட இருக்கு, எந்த நம்பர்லேர்ந்து அழுத்தினதுன்னும் இருக்கு. ஆபீஸ்ல இதப் பாத்தது நான் ஒருத்திதான். யார்கிட்ட காட்டணுமோ காட்டுங்க.

தெரியாம இல்லண்ணே. அவர் போயிட்டாருன்னு தெரியும். சும்மா விட்டிருந்தாலே போதும், தானா விட்டிருக்கும். அதுவும் தெரியும். போன் கையிலதான் இருந்துச்சு. வேணாம்னு அழுத்தினா ஏன்னு கேக்கும், நாலு காரணம் வரும். சரியாயிட்டாரு, வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம், தப்பாப் பதிஞ்சுட்டோம். நாலாவது ஒண்ணு. அந்த வார்த்தைய நானே ஒரு மத்தியானம் உக்காந்து தட்டி வச்சேன், சாப்பிட்டுக்கிட்டே.