ஒரு புள்ளி ஏத்து

— இன்னும் ஒரு புள்ளி ஏத்து.

— போதுங்க. கை சூடாயிடப் போகுது.

— கை என்ன இஸ்திரிப் பெட்டியா? ஏத்துடி.

— கம்பி மீட்டற பிக்கை அப்படியா நெரிக்கறது? கட்டைவிரல் வெளுத்துப்போச்சு பாருங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?

— அட... தையல் மெஷின் மிதிக்கறவ எனக்குக் கிட்டார் சொல்லித் தர வந்துட்டா.

— நூலை இறுக்கினா அறுந்துடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— அதெல்லாம் எனக்கும் தெரியும். பிக்கோட நுனி மட்டும் கம்பியில படணும். முழங்கை ஆடக் கூடாது, மணிக்கட்டு மட்டும். ஒரு கம்பியிலிருந்து அடுத்ததுக்குத் தாவற இடத்துலதான் மாட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்ப மாட்டறதில்ல. ஏத்திட்டியா?

— ...ஏத்திட்டேன்.

— நம்பரைச் சொல்லிடாதே!

— நான் எங்கே சொன்னேன்? டிக்டிக்குனு வேகம் காட்டற தாளப் பெட்டி என் மடியில இருக்கு, நீங்க ஜன்னலைப் பார்த்து உட்காந்திருக்கீங்க. வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா நமக்குள்ள சண்டைன்னு நினைப்பாங்க.

— நினைச்சுட்டுப் போகட்டும். ஒரே வேகத்துல ஒரு வருஷம் முட்டிக்கிட்டு நின்னேனே, அது கையோட கோளாறு இல்ல. பெட்டியில அந்த நம்பரைப் பார்த்ததும் தோள் கல்லாயிடும். அதான் வேகத்தைக் கூட்டற குமிழை உன்கிட்ட கொடுத்தேன். போன்ல பாடம் நடத்தறானுங்களே, அவனுங்க ஒருத்தனாவது இந்த வழியைச் சொன்னானா?

— சொல்லலை.

— சொல்ல மாட்டானுங்க. சரி, கேளு... ம்... எப்படி?

— ...நல்லா இருந்துச்சு.

— என்ன இழுக்கறே?

— இழுக்கலை. நல்லாத்தான் இருந்துச்சு. இந்தாங்க, டீ ஆறுது.

— ஏன் இப்பல்லாம் அரை டம்ளர்தான் ஊத்தறே?

— முழுசாக் குடிச்சா தூக்கம் வராதுன்னீங்க.

— நான் சொன்னேனா?

— சொன்னீங்க... ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிங்க, சூடா இருக்கு.

— ஆறுதுன்னே. இப்ப சூடுங்கறே.

— என்னங்க... இன்னைக்குக் கச்சேரிக்குப் போய்த்தான் ஆகணுமா?

— வண்டி வந்துக்கிட்டு இருக்கு.

— இல்ல, அந்த வேகமான பாட்டை மட்டும் கீபோர்டுகாரரையே வாசிக்கச் சொன்னா...

— அதையும் அவனே வாசிச்சா எனக்கு அந்த பேண்டுல என்ன வேலை? நாற்காலி தூக்கவா?

— டாக்டர்கூட கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

— யாரு, அந்த ஆளா? என் கையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கலை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தான். என்னை வெளியே உட்கார வெச்சுட்டு உன்கிட்ட அவ்வளவு நேரம் என்னத்தைப் பேசினான்?

— மாத்திரை... எப்ப எப்ப போடணும்னு.

— சாதாரண நரம்புப் பிடிப்புக்கா?

— டீயைக் குடிங்க முதல்ல.

— கேக்கறேன்ல?

— அந்தக் கிட்டாரைக் கீழ வைங்க.

— ஏன்?

— வைங்கன்னா வைங்க. வண்டி வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். என்ன வேணா திட்டுங்க. நடுவுல மட்டும் பேசாதீங்க, அப்புறம் எனக்கு வராது.

— சொல்லு.

— நான்... ஏத்தலைங்க.

— எதை?

— இந்தப் பெட்டியைத்தான். முதல்ல நிஜமாத்தான் ஏத்தினேன். உங்க கை தடுமாறுச்சு. அப்படியே முதுகு குனிஞ்சு போச்சு உங்களுக்கு. மனசு கேக்கலை, கொஞ்சம் இறக்கி வெச்சேன். சுத்தமா வாசிச்சீங்க. தாண்டிட்டேன்டின்னு திரும்பிப் பார்த்துச் சிரிச்சீங்க.

— ம்.

— அந்தச் சிரிப்பைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது? கை தளரத் தளர இறக்கிக்கிட்டே வந்தேன். வாய் மட்டும் ஏத்திட்டேன் ஏத்திட்டேன்னுது. இப்ப நீங்க வாசிக்கறது... பழைய வேகத்துல பாதிகூட இருக்காது.

— ம்.

— அது நரம்புப் பிடிப்பும் இல்ல. நடுக்கம் கூடிக்கிட்டேதான் போகுமாம். மாத்திரையால கொஞ்சம் அடங்குமாம், போகாதாம்... அங்கே டிரம்ஸ்காரர் உங்களுக்காக வேகத்தை இறக்க மாட்டாருங்க. அத்தனை பேர் முன்னாடி உங்க கை நின்னு போய், நீங்க என்னைத் தேடினா... நான் எங்கே போய் நிப்பேன்? ஏதாவது பேசுங்களேன்.

— பேசாதேன்னியே.

— இப்ப பேசுங்க.

— தெரியும்.

— எது?

— எல்லாந்தான். ஆடறது என் கை. வேகம் குறையறது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் தாளத்துலதானே சோறு தின்னேன். நீ முதல் தடவை இறக்கினப்பவே காதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

— அப்ப அந்தச் சிரிப்பு?

— நீ மூச்சை அடக்கிக்கிட்டு உட்காந்திருந்தே. அது முதுகுக்குப் பின்னாடியே கேட்டுச்சு. சிரிச்சேன், மூச்சு விட்டே.

— அட பாவி மனுஷா... தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் 'ஏத்துடி ஏத்துடி'ன்னீங்க?

— நிறுத்தினா ரெண்டு பேரும் எதிரெதிரா உட்காந்து இதைப் பேசணும். வாசிச்சுக்கிட்டு இருந்தா பேச வேண்டாம்ல?

— இப்படியா ஒரு மனுஷன்...

— அழாதே. மூக்கைத் துடை.

— போனைக் கொடுங்க. வண்டி வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன். உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்றேன்.

— வரட்டும் விடு.

— அப்ப போகப் போறீங்களா? அதுக்குத்தான் காலையிலிருந்து புதுக் கம்பி மாட்டி, துடைச்சு, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம்...

— பனியனோட நின்னு கொடுக்க முடியுமா?

— என்னத்தைக் கொடுக்க?

— போன வாரமே கீபோர்டுகாரன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே அவன் மச்சான்தான் வாசிக்கறான்... வண்டி என்னைக் கூட்டிட்டுப் போக வரலடி, கிட்டாரை எடுத்துட்டுப் போக வருது.