லுங்கியும் கம்பமும்

சிவாஜிநகரில் ஏறின பஸ்ஸில் என் முன் சீட்டில் சாரணர் சீருடை போட்ட ஒரு சாரும் ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டற பாவாடைய கட்ட மாட்டோம்னு பசங்க சொல்லிட்டாங்க மேடம். சனிக்கிழமை ஸ்காட்லாந்து விளையாட்டு கேம்ப் அவ்வளவுதான்."

"கட்டம் போட்ட லுங்கிய முட்டி வரைக்கும் மடிச்சுக் கட்டச் சொல்லுங்க சார். அவங்க அப்பாங்க தினம் கட்டறதுதானே."

"கம்பம் எறியற போட்டி இருக்கே. ரெண்டு கையும் கம்பத்துல இருக்கும்போது லுங்கி அவுந்தா யார் பிடிக்கறது?"

"முடிச்சு போட நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அப்போ முதல்ல நீங்க கட்டிக்கிட்டு எறிஞ்சு காட்டுங்க சார்னு கேப்பானுங்க."

"காட்டுங்க."

லிங்கராஜபுரம் ஸ்டாப்பில் சார் தன் பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார்.

"கம்பம் வேணாம் மேடம். கயிறு இழுக்கறது மட்டும் வெச்சுக்கலாம்."

"அதுக்கும் ரெண்டு கை வேணும் சார்."