பேரி மரத்தடிக் கல்

— உழுற மெஷினோட கயித்த இழுக்காத திலகசிரி. முதல்ல அந்தச் செருப்பக் கழட்டு. பூட்ஸ் கதவுக்குப் பின்னால கெடக்கு.

— கொஞ்ச நேரம் ஓட்டிப் பழகத்தானே மச்சான்.

— விரல் போறதுக்குக் கொஞ்ச நேரம் போதும். அப்புறம் உன் அக்கா பியசீலிக்கு யாரு பதில் சொல்றது? போடு.

— போட்டாச்சு. சொல்லுங்க.

— மண்ண ஒரு பிடி அள்ளி இறுக்கு. இப்ப விரலால தட்டு. உதிருதா?

— உதிருது.

— அப்ப உழலாம். உருண்டையாவே நின்னா டில்லர வெளிய எடுக்காத. ஈரத்துல உழுதா இந்த வெலிமட மண்ணு காஞ்சதும் செங்கல்லாப் போயிரும். கேரட் கோணிக்கிட்டு வரும்.

— மெஷின்ல இந்தக் கைப்பிடி எதுக்கு?

— அத அழுத்தினாத்தான் கத்தி சுத்தும். விட்டா நின்னுரும். கை வலிக்குதுன்னு சில பேரு கயிறு போட்டுக் கட்டுறானுங்க, நீ அப்பிடிச் செய்யாத. மெஷின தள்ளவும் வேணாம், அதுவே போகும். பின்னால தொங்குற கம்பிய மண்ணுல அழுத்தினா மெதுவாப் போய் ஆழமா வெட்டும். முதல் தடவ மேலாப்புல ஓட்டு, ரெண்டாந் தடவ ஆழமா.

— சரிவுல?

— குறுக்க ஓட்டு. கீழ்முகமா விட்டா உன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்.

— மேல் படி நிலம் அகலந்தான், சமாளிச்சிருவேன். பேரி மரத்துக்கிட்டதான் பயம். மண்ணுக்குள்ள இருக்கிற அந்தக் கல்லுல கத்தி பட்டா?

— உடனே கைய விட்ரணும். இஞ்சின அணைச்சிட்டுத்தான் குனியணும்.

— சரி மச்சான்.

— டேய். உன் தோட்டத்துல ஏதுடா பேரி மரம்?

— சும்மா கேட்டேன்.

— அந்தக் கல்லு வெளிய தெரியாது. அதுல இடிபடுறவன் நான் ஒருத்தன்தான். நான் குத்தகைக்குச் செய்யிற விகாரை நிலத்த நீ எடுத்துக்கிட்டியா?

— ஆமா மச்சான்.

— காடாக் கெடந்த எடம்டா. கல்லு பொறுக்கியே என் நகமெல்லாம் போச்சு. உனக்கு லீக்ஸ் நாத்துக் குடுத்தேன், கேட்டப்பெல்லாம் நானே வந்து உழுது குடுத்தேன். இப்ப என் நிலத்த உழுறதுக்கே என்கிட்ட பழகிக்கிட்டு இருக்க. அவுருது வருஷப் பொறப்பு அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து பாற்சோறு தின்னியே, அப்பவே தெரியுமா?

— தெரியும்.

— நான் இப்பவே விகாரைக்குப் போயி பெரிய பிக்கு ஹாமுதுருவப் பாக்குறேன். என் எடத்த எப்பிடி மாத்துனீங்கன்னு கேக்குறேன்.

— குத்தகை அக்கா பேர்ல இருந்தது மச்சான். அவர்கிட்ட பூத்தட்டோட போயி, இனிமே தம்பி செய்யட்டும்னு சொல்லிட்டு வந்ததும் அக்காதான்.

— பியசீலியா? காலையில எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாளே. ஒரு வார்த்த சொல்லலியே.

— கல்லப் பத்தி சொன்னதும் அவதான். ராத்திரி சோத்துக்கு உக்காந்தா நீங்க பேசுறதே அந்தக் கல்லப் பத்தித்தானாம்.

— வா. வீட்டுக்குப் போயி அவளையே கேப்போம்.

— போவாதீங்க. அவ ஏறிப் போற கொழும்பு பஸ் கெளம்புற வரைக்கும் உங்கள இங்க நிறுத்தி வைக்கத்தான் என்னைய அனுப்புனா.