குளிர் அறையில் இன்னொரு கை

மதியம் மூன்று மணி. ராத்திரி இல்லை... மதியம். துக்குமானில் அந்த நேரத்துக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழகம் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் கரும்புக் காட்டைக் கொளுத்தியிருந்தார்கள். கரி காற்றில் மிதந்து வந்து தோளில் உட்கார்ந்தது. கருகிய சர்க்கரை வாசனை...

அந்தச் சாலையில் தனியாக நடந்து போனவள் கிரிசெல்தா. நம் ஹசிந்தாவின் அக்கா. அந்த மாத்தே டீக் குடுவையை இந்தப் பக்கம் கொடுங்கள், சொல்கிறேன்.

வடக்கே மண் வீடுகளில் ஒரு பூச்சி கடித்து உடம்பில் கிருமியை ஏற்றும். வருடக்கணக்கில் இதயம் வீங்கி ஆள் செத்துப்போவான். இவர்கள் அப்பா அப்படித்தான் போனார். அந்தக் கிருமியின் புரதத்தைப் படிகமாக வளர்த்து அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் கிரிசெல்தாவின் வேலை. வடிவம் தெரிந்தால் மருந்து தேடலாம். வருடக்கணக்காக உப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள்... வரவே இல்லை. அந்த வாரம்தான் வந்தது. தூசி மாதிரி சின்னச் சின்னப் படிக ஊசிகள்.

அன்றைக்குப் பார்த்து மின்சாரம் போய்விட்டது. காவலாளி போன் செய்தார். குளிர் அறை சூடானால் எல்லாம் கரைந்துவிடும்.

கட்டடம் இருட்டு. இயந்திரங்களின் இரைச்சல் இல்லை. எங்கோ குழாய் மட்டும்... டொக்... டொக்...

குளிர் அறைக்குள் ஒருவர் முதுகு காட்டி நின்றிருந்தார். அங்கே ஆணியில் தொங்கும் பொதுக் கோட்டைப் போட்டிருந்தார். ஈரக் கம்பளி நாற்றம். கூட வேலை செய்யும் ஒவிதியோ என்று நினைத்தாள்.

"வந்துட்டியா? நல்லவேளைடா," என்றாள்.

படிகத் தட்டுகளை ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் அதிர்ந்தாலும் படிகம் உடைந்துவிடும். முதல் தட்டைத் தூக்கினாள். கை நடுங்கியது. பயத்தில் இல்லை... களைப்பில்.

"குடு," என்றது அந்தக் குரல், மெதுவாக. "ரொம்ப ஓஞ்சு போயிட்ட. போய் உக்காரு."

அவள் வலது கையோடு சேர்த்துத் தட்டைப் பிடித்து வாங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. வெளியே வந்து கதவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். கண் சொருகியது. உள்ளே தட்டுகள் நகரும் சத்தம். சர்ர்... டக். சர்ர்... டக்.

போன் அடித்தது. ஒவிதியோ.

"ஏ மகராசி, ஞாயித்துக்கிழமையாவது மனுஷனைச் சாப்பிட விடுறீங்களா? நான் சால்தாவுல மாமியார் வீட்ல மாட்டிக்கிட்டு இருக்கேன். காவலாளி வேற கூப்பிடுறாரு. நீ போய்ப் பாத்துக்கறியா?"

சர்ர்... டக்.

"நீ... இங்க இல்லியா?"

"விளையாடாத. ஏன், அங்க யாரு இருக்கா?"

உள்ளே சத்தம் நின்றது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. அந்த அறைக்கு வேறு வழியும் கிடையாது. கோட்டு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. தட்டுகள் அத்தனையும் ஐஸுக்குள், மூடி போட்டு.

ஒரு படிகம்கூட உடையவில்லை. வடிவம் கிடைத்தது. என்ன நிதானமான கை என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நடந்ததை அவள் ஹசிந்தாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

கிரிசெல்தாவுக்கு ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும்போது அம்மாவின் வலது கையைப் பிடிக்கவே மாட்டாள். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போவாள். போன மாதம் ஹசிந்தா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தக் கையை ஏற்கெனவே ஒருத்தர் பிடிச்சிருக்காரு, சித்தி."